நீ சொல்லாத ஆமென்

மலைப்பாதை வளைவிலும் அநாவசியமாக ஹாரன் அடிக்காத என் அருமை அண்ணா,

இதை நீ படிக்கப் போவதில்லை. "செத்தவனுக்கு லெட்டர் எழுதறியே, எந்த பின்கோடு போடுவே?" என்று கேட்டிருப்பாய். கேட்டுக்கொள். இதைச் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் நீ எங்கேயாவது இருக்கிறாயா இல்லையா என்கிற நம்முடைய பழைய வழக்கை இன்றைக்கு மட்டும் ஒத்திவைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. குடிபாலாவில் இந்த வருஷம் மாங்காய் கொத்துக் கொத்தாகக் காய்த்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று சர்ச் காம்பவுண்டை ஒட்டி நின்ற புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து ரிடையர் ஆகிவிட்டேன், மாதர் சங்கச் செயலாளர் வேலை மட்டும் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. உன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். சித்தூரில் கல் பட்டறை வைத்திருப்பவர், "எந்த வசனம் வெட்டணும்மா?" என்று திரும்பத் திரும்ப போன் செய்துகொண்டிருந்தார். நான் பதில் சொல்லாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். எதற்காக என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அண்ணா, நீ ஆமென் சொன்னதாக நான் ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. உன் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் பயந்துபோய், "ஒரே ஒரு ஜெபம் பண்ணிக்கட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "உனக்கு மனசு ஆறும்னா பண்ணிக்கோ, நான் இன்னா தடுக்கவா போறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகத்தான் ஜெபித்தேன். முடித்து ஆமென் என்று சொல்லிவிட்டு உன் முகத்தையே பார்த்தேன். உன் உதடு அசைந்தது.

"முடிஞ்சுதா? போ, போய் எதனா துன்னு. காலையிலர்ந்து பட்டினியா கெடக்கறே."

நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் கேன்டீனுக்குப் போய் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது உனக்கு நினைவு தப்பிவிட்டது. மறுநாள் போய்விட்டாய்.

உன்னை எங்கே வைப்பது என்பதில் உனக்கு ஓர் ஆசை இருந்தது. அம்மா பக்கத்தில். "அம்மா பக்கத்துல எடம் கெடைச்சா போடுங்க, கெடைக்கலன்னா எங்கியாவது போடுங்க. ஆனா நான் சொல்லாததை நான் சொன்னன்னு மட்டும் சொல்லிக்கினு திரியாதீங்க" என்று போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய கிறிஸ்துமஸில் பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு சொன்னாய். ஒரே மூச்சில் சொன்ன இரண்டு விஷயம். ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று உடையும் என்று அப்போது நமக்குத் தெரியவில்லை.

நம் கல்லறைத் தோட்டத்தில் சபையில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் இடம். நீயோ உன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடச் சொன்னவன். "நம்பாத ஆளு பேரு இருந்தா அது உங்களுக்கும் பொய், எனக்கும் பொய்" என்று சபைக் கமிட்டியிடம் சொல்லிவிட்டு வந்தாய். பெற்ற நைனாவே ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அந்தத் தோட்டத்து வாசலில்தான் உன்னை ஏற்றி வந்த வேன் வெயிலில் நின்றது. பாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பாவம், நல்ல மனுஷன், வயசும் அதிகம் இல்லை. "கடைசியில எதனா சொன்னாராக்கா? ஒரு வார்த்தை இருந்தா போதும், கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். உள்ளே அம்மாவின் கல் தெரிந்தது. பக்கத்தில் காலி மண்.

"ஜெபம் பண்ணப்போ ஆமென் சொன்னாருங்க" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அண்ணா. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்திய வாய்.

ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நம்முடைய சண்டையில்தான் அதற்கு வேர் இருக்கிறது. கிறிஸ்தவ வீட்டில் பிறந்து, கடவுள் இல்லை என்று சொல்லிக்கொண்டு, காலம் முழுக்கத் திருமலைக்கு பஸ் ஓட்டியவன் நீ. பின்னால் ஐம்பது பேர் கோவிந்தா போடுவார்கள், நீ ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பாய். "கடவுள் இல்லன்றதும் ஒரு நம்பிக்கைதாண்ணா. இல்லன்னு நீ போய் பாத்தியா?" என்று நான் கேட்பேன். "இன்னிக்கு டூட்டி எடுக்காதவனைப் பாத்து எந்த ரூட்ல ஓட்றேன்னு கேப்பியா நீ?" என்பாய். "பஸ் ஸ்டாண்டுலயே நின்னுக்கினு எல்லா பஸ்ஸும் பொய்ன்னு சொல்றவனுக்கு அதுவே ஒரு ரூட்தான்" என்பேன். "அது பாயிண்டு" என்று சிரிப்பாய், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டாய். பிரேக்கை நம்பித்தானே மலை இறங்குகிறாய் என்று ஒரு தடவை மடக்கினேன். "நம்பல தாயே, காலையில மிதிச்சுப் பாத்துட்டுத்தான் வண்டி எடுக்கறேன்" என்றாய்.

நான் விட்டேனா? நீயும் ஒரு விசுவாசிதான், உன் மதத்துக்குக் கோயில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன்னைச் சீண்டினேன். உனக்கு இருந்ததும் ஒரு நம்பிக்கைதான் என்றால் அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவது பெரிய குற்றமில்லை, சட்டை மாற்றுவது போலத்தான் என்று என் மனசு எங்கோ கணக்குப் போட்டுவிட்டது. நான் கர்த்தரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செத்தேன் என்று யாராவது ஊரில் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? அது மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை.

நான் சொன்னது சரி என்றால், உன் நம்பிக்கையை நான் திருடினேன். நீ சொன்னது சரி என்றால், இல்லாத ஒன்றை உன் வாயில் வைத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூண்டில் நான்தான் நிற்கிறேன்.

அந்த ஆமென் என்னோடு நின்றிருந்தால்கூட மூடி மறைத்திருப்பேன். அது காலூன்றி நடக்க ஆரம்பித்துவிட்டது. பாஸ்டர் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். பிறகு புத்தூரில் நடந்த கூட்டத்தில் சொன்னார். "காலமெல்லாம் கடவுள் இல்லைன்னு சொன்ன பஸ் டிரைவர், கடைசி மூச்சில் ஆமென் சொன்னார்" என்று. ஜனங்கள் அழுதார்களாம். என்னைப் பார்க்கிற பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஜெபம் வீண் போகலக்கா" என்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். ஆனால் இராப்போஜனத்தில் அப்பமும் ரசமும் வாங்க முழங்கால் போட முடியவில்லை. இருமல் என்று சொல்லி, கால்வலி என்று சொல்லி, கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். கொஞ்ச மாதமாகவே அப்படித்தான்.

உன் முதல் வருஷ நினைவுக் கூடுகைக்கு ரமணய்யா வந்திருந்தார். உன்னோடு அதே டிப்போவில் ஓட்டியவர், நெற்றியில் நாமம் இல்லாமல் வண்டி ஏறாதவர், காலம் முழுக்க உன்னோடு வாதம் பண்ணி ஜெயிக்காதவர். பாஸ்டர் மறுபடி அந்தக் கதையைச் சொன்னார். நான் ரமணய்யாவின் முகத்தைப் பார்த்தேன். சோற்றில் சரியாகக் கை வைக்கவில்லை அவர்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது ரோட்டோரத்தில் நின்று கேட்டார். "செல்லெம்மா, நெஜமா சொன்னானா?" தெலுங்கில் தங்கச்சி என்று அப்படித்தானே என்னைக் கூப்பிடுவார்.

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"நானும் ஆஸ்பத்திரிக்கு வந்தேன் இல்லம்மா. ஒரு தடவ கோவிந்தா சொல்லுடா, எனக்காகச் சொல்லுன்னு கேட்டேன். சிரிச்சான். 'உங்கிட்ட எதுக்குடா பொய் சொல்லணும், வேற யார்கிட்டயாச்சும்னா பரவால்ல'ன்னான். சரி, அவன் குணம் அதுன்னு நா மனசை ஆத்திக்கினேன். இப்போ உங்களுக்குச் சொல்லியிருக்கான்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பரவாலேதும்மா. ரத்த சம்பந்தம். நா வெறும் கூட வேலை செஞ்சவன்தானே."

அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அவர் சாமியை விட்டுவிட்டு என் சாமியிடம் போய்விட்டாய் என்பதற்காக இல்லை. நீ அவரிடம் உண்மையாக இருந்தது அவருக்கு ஒரு சொத்து மாதிரி இருந்திருக்கிறது. நான் அதையும் பிடுங்கிக்கொண்டேன்.

"சொல்லலண்ணா" என்று அவரிடம் சொன்னேன். "என்னைப் போய்ச் சாப்பிடச் சொன்னாரு. நான்தான் ஆமென்னு மாத்திட்டேன்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னையே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதான பாத்தேன். சாப்பாடுன்னா அவன் மறக்கவே மாட்டான்" என்றார். சித்தூர் பஸ் வந்தது. ஏறினவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்தப் பாஸ்டருக்கும் செப்பிடும்மா, மனசுல வச்சிக்காதே" என்றார்.

நேற்று காலையில் பாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"இந்தச் சாட்சியால எத்தனை பேரு ஜெபத்துக்கு வந்துக்கினு இருக்காங்க தெரியுமாக்கா?"

"தெரியும் பாஸ்டர். அதான் வந்தேன்."

"வெளிய சொல்லலன்னா இன்னா, உள்ளுக்குள்ள மாறியிருக்கலாம் இல்ல? கடவுள் இல்லன்றதும் ஒரு நம்பிக்கைதானே, கடைசி நேரத்துல அது ஆடிப்போயிருக்கலாம். மாறலன்னு நீங்க பாத்தீங்களா?"

என் கேள்வி அண்ணா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி என்னைப் பார்த்து வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பாக்கல பாஸ்டர். பாக்காததைச் சொல்லக் கூடாதுன்னுதான் வந்திருக்கேன்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது.

ஒரு தடவை நீயே ஒன்றை ஒத்துக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? "எனக்கும் ஒரு நம்பிக்கை இருக்குதுன்னே வச்சுக்கோ. தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது. இது எங்கர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, அம்மாகிட்டர்ந்துன்னு சொல்லுவேன்." அம்மா அதை எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நம் வழக்கு இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். அன்றைக்குக் குக்கர் விசில் அடித்ததால் எழுந்து போய்விட்டேன்.

பாஸ்டர் என்னைத் திட்டவில்லை. "என் வாயால பரப்பிட்டேன், நான் மறுத்துச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை நீங்களே எழுந்து சொல்லுங்கக்கா. கமிட்டி இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியாது" என்றார். எனக்குத் தெரியும். மாதர் சங்கப் பொறுப்பு போகும். போகட்டும். உனக்குக் கல் வைக்க அனுமதி இல்லை என்பார்கள். அதற்குத்தான் போகட்டும் என்று சொல்ல வரவில்லை. உன்னைத் தோண்டி எடுத்துவிட மாட்டார்கள் என்று பாஸ்டர் சொன்னார். நான் அதைக்கூடக் கேட்டேன் அண்ணா, வெட்கத்தை விட்டு.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. அந்த வேன் மறுபடி அந்த வாசலில் நின்றால், உள்ளே அம்மாவின் கல் தெரிந்தால், நான் உண்மையைச் சொல்வேனா? சொல்வேன் என்று எழுதக் கை வரவில்லை. நீதான் தெரியாததைச் சொல்லக் கூடாது என்பாயே.

தெரிந்ததைச் சொல்கிறேன். இன்றைக்குக் கல் பட்டறைக்காரருக்கு நானே போன் செய்தேன். வசனம் வேண்டாம், தேவசகாயம் என்று பெயர் மட்டும் போதும் என்றேன். "வெறும் பேரா?" என்று இழுத்தார். வெறும் பெயர்தான். அதிலும் தேவன் இருக்கிறாரே என்று யாராவது கேட்டால், நைனா வைத்த பெயருக்கு நீ ஜவாப்தாரி இல்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கமிட்டி வேண்டாம் என்றால் அந்தக் கல் என் வீட்டு வாசலில் கிடக்கட்டும். நீ அம்மா பக்கத்தில் இருக்கிறாய், அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்வேன். என் அண்ணன் ஆமென் சொல்லவில்லை, என்னைச் சாப்பிடப் போகச் சொன்னார் என்று, அந்த வார்த்தையிலேயே சொல்வேன். உனக்காக ஜெபிப்பதை மட்டும் விட மாட்டேன், அதில் நீ என்னைத் தடுத்ததில்லை. தினமும் ஜெபிப்பேன். ஆமெனையும் இனி நானே சொல்லிக்கொள்வேன்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இதை எழுதிவிட்டு, நீ சொன்னபடி இப்போது சாப்பிட எழுந்து போகிற
உன் தங்கச்சி,
எஸ்தர்