ஒரு விரல் நீளம்

நகரி,
ஆகஸ்ட் 3, ஞாயிறு

அன்புள்ள தேவசேனாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே மகள் வீட்டில் நீ தேறி வருகிறாய் என்று பிரித்திகா தினமும் காலை பத்து மணிக்குப் போனில் சொல்கிறாள். உன்னிடம் கொடு என்றால், "அம்மா தூங்கிக்கினு இருக்காங்க நைனா" என்கிறாள். காலை பத்து மணிக்குத் தூங்குகிற பெண்ணோடு நான் நாற்பத்தொரு வருடம் குடும்பம் நடத்தவில்லை. ஜூன் மாதம் அந்தப் பக்கவாதம் வந்ததிலிருந்து உனக்கு நாக்கு கொஞ்சம் புரளவில்லை. அந்தக் குழறலை நான் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறாய். அப்படியே ஆகட்டும். கடிதம் படிப்பதற்கு நாக்கு தேவையில்லை. பதில் எழுதியே ஆகவேண்டும் என்றும் இல்லை.

வீட்டுச் சேதி: மோட்டார் ரிப்பேர் ஆகிச் சரியாகிவிட்டது. பக்கத்து லட்சுமம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் குழம்பு கொடுத்தனுப்புகிறாள். மற்ற நாட்களில் என் சமையல். நேற்று வைத்த ரசத்தை நானே குடித்தேன். அதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நூலும் மணியும் வைத்த உன் பெட்டியை லட்சுமம்மாவின் ஃபேன்சி கடைக்குக் கொடுத்துவிடும்படி பிரித்திகா மூலம் சொல்லி அனுப்பினாய். "இனிமே இந்தக் கைக்கு அது எதுக்கு" என்றாயாம். நான் கொடுக்கவில்லை. காரணம் கேள். போன சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். உன் மேக்ரமே முடிச்சு வகுப்புப் பிள்ளைகள்தான். மஞ்சு, அலர்மேல்மங்கை, வெங்கட், இன்னும் நாலு பேர். ஆளுக்கொரு பரீட்சை அட்டை கையில். அத்தை ஊரில் இல்லை, வகுப்பு கிடையாது என்றேன். பவர்லூம் குணா மகள் மஞ்சு இருக்கிறாளே, பத்து வயசு, அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அத்தை இல்லன்னா என்னா சார், நீங்க சும்மாதானே குந்திக்கினு இருக்கீங்க" என்றாள். முப்பத்து நாலு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், ஒரு மாணவனைப் போல எழுந்து போனேன். பெட்டியை எடுத்து வந்தேன்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றங்கரையில் காவல் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தேன். அட்டையின் கிளிப்பில் நூல்களை மாட்டிக் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு, ஓரத்தில் இரண்டு. இடப்பக்கத்து நூலை மேலே போட்டு முடி, அடுத்து வலப்பக்கத்து நூலை மேலே போட்டு முடி, மூன்று முடிச்சுக்கு ஒரு மணி கோர். இவ்வளவுதான் என்றார்கள். நான் இடப்பக்கத்தையே மேலே போட்டுக்கொண்டு போனேன். என் பிரேஸ்லெட் தட்டையாக வராமல் ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கொண்டது. வெங்கட் விழுந்து விழுந்து சிரித்தான். "சார், இது ஜிலேபி, துன்னுடலாம்" என்றான். ஏழு வயசுப் பையன். நான் எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்! அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து அவன் பழி வாங்கிவிட்டான்.

சுதந்திர தினத்துக்கு மூவர்ண மணி கோர்த்து எல்லோரும் கட்டிக்கொண்டு போவது என்று முடிவாகியிருக்கிறது. பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்கட்டும் என்கிறாள் மஞ்சு. பெட்டி பதினைந்தாம் தேதி வரைக்கும் இங்கேதான் இருக்கும். கோபித்துக்கொள்.

பயிற்சிக்கு வருகிற பெண் கொடுக்கும் ரப்பர் பந்தை அழுத்து. முடியவில்லை என்றாலும் அழுத்து.

உன்,
வேதாச்சலம்


நகரி,
ஆகஸ்ட் 16, சனி

அன்புள்ள தேவசேனாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நல்ல சேதி குறைவு. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் எனக்குப் பழக்கம்.

நேற்றுக் கொடியேற்றத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசை நாற்காலி. நம் பிள்ளைகள் ஏழு பேரும் கையில் காவி, வெள்ளை, பச்சை மணிகளோடு வரிசையில் நின்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொடி ஏறியது. எல்லோரும் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார்கள். முதலில் அலர்மேல்மங்கையின் கையிலிருந்து ஒரு மணி விழுந்தது. பிறகு கொட கொடவென்று ஏழு கைகளிலிருந்தும். சிமெண்ட் தரையில் அந்தச் சத்தம் இருக்கிறதே, தேசிய கீதத்தின் நடுவில் மழை பெய்த மாதிரி. அசையக் கூடாது அல்லவா, பிள்ளைகள் சல்யூட்டை எடுக்காமல் கண்ணை மட்டும் உருட்டித் தரையைப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் தெலுங்கில் மைக்கிலேயே கேட்டுவிட்டார்: "இதி ஜெண்டா பண்டுகா, பூசல பண்டுகா?" கொடித் திருவிழாவா மணித் திருவிழாவா என்று. பள்ளிக்கூடமே சிரித்தது.

மஞ்சு சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "அத்தை இருந்திருந்தா இப்பிடி ஆயிருக்காது சார்" என்றாள். பிறகு, "அத்தை வருவாங்களா மாட்டாங்களா, அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள். நான் வருவாள் என்றேன். எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நல்ல வேளை.

இரவு சாப்பிட்டதும் அறுந்த பிரேஸ்லெட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசி முடிச்சில் மிஞ்சிய நூலை வாலே இல்லாமல் ஒட்ட வெட்டி, ஏழு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். வகுப்பில் ஏழு பேர் ஒரே தப்பைச் செய்தால் ஒன்று, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லிக் கொடுத்த இடத்திலேயே ஏதோ குறை. இங்கே சொல்லிக் கொடுத்த இடம் நீயும் இல்லை, நானும் இல்லை. அவரவர் வீடு.

இன்று காலை குணாவின் தறிக் கொட்டகைக்குப் போனேன். அறுந்த பாவு இழையை மஞ்சு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு, உடனே மிஞ்சிய நூல் வால் இரண்டையும் ஒட்ட வெட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள். வாலை ஏன் இவ்வளவு ஒட்ட வெட்டுகிறாய் என்று கேட்டேன். குணா தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினான்: "வால் வுட்டா அச்சுல மாட்டிக்கும் சார்! அப்புறம் பக்கத்து இழையும் பூடும்! அஞ்சு வயசுலேர்ந்து சொல்லிக்கினே வரேன்!" தறியில் சீப்புப் போன்ற அச்சின் பல்லுக்கு நடுவே முடிச்சு நுழைந்து போகவேண்டும். அதனால் வாலே இருக்கக் கூடாது. அந்த ஏழு பிள்ளைகளும் நெசவு வீட்டுப் பிள்ளைகள். பிரேஸ்லெட்டின் கடைசி முடிச்சையும் அப்படியே ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். தறியில் பருத்தி நூல், முடிச்சு நிற்கும். உன்னுடையது மெழுகு பூசிய வழுக்கு நூல். கையைத் தூக்கியதும் உருவிக்கொண்டது.

இவ்வளவு நாள் இது ஏன் நடக்கவில்லை என்றும் யோசித்தேன். பிள்ளைகள் பின்னுவார்கள். கடைசி முடிச்சையும் வெட்டுவதையும் நீயே ராத்திரி உட்கார்ந்து செய்து வைப்பாய். ஒருவருக்கும் அதைக் காட்டவில்லை. குறையாகச் சொல்லவில்லை. நானும் கடினமான கணக்கின் கடைசி வரியை நானே கரும்பலகையில் போட்டுக்கொண்டவன்தான்.

இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் 'பூசல கோஷ்டி', அதாவது மணிக் கும்பல், என்று கூப்பிடுகிறார்களாம். பெட்டியை லட்சுமம்மாவிடம் கொடுத்துவிடலாமா என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. முடிவை உன்னிடம் விடுகிறேன். கொடு என்றால் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்றால், வாலை எவ்வளவு விடவேண்டும் என்பதை மட்டும் பிரித்திகாவிடம் சொல்லி அனுப்பு.

உன்,
வேதாச்சலம்


நகரி,
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்புள்ள தேவசேனாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உறையின் மேல் பிரித்திகாவின் எழுத்து இருந்ததால் ஏதோ ரசீது என்று நினைத்துக் கிழித்தேன். உள்ளே கோடு போட்ட தாளில் ஒரே வரி. "வால் ஒரு விரல் நீளம் விடச் சொல்லுங்கள். நுனியில் ஒரு மணி."

இடது கையால் எழுதியிருக்கிறாய். எழுத்து மலை ஏறி இறங்குகிறது. 'ள' தாளைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எத்தனையோ பேர் கையெழுத்தைப் பார்த்தவன் நான். இந்த ஒரு வரிக்கு எழுந்து நின்றேன் என்று மட்டும் சொல்கிறேன்.

தாளைப் பிள்ளைகளிடம் காட்டினேன். மஞ்சு இரண்டு முறை படித்துவிட்டு, ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன். அத்தைக்கு வலது கை இன்னும் வேலை செய்யவில்லை, மேசை மேல் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று. அப்புறம் அலர்மேல்மங்கை தன் துப்பட்டாவை எடுத்து, "என் கையப் பின்னால கட்டுடி" என்றாள். மஞ்சு கட்டினாள். பிறகு ஒவ்வொருவரும் வலது கையைக் கட்டிக்கொண்டு ஒரே கையால் பிரேஸ்லெட் மாட்டிப் பார்த்தார்கள். கொக்கி வைத்தது யாருக்கும் மாட்டவில்லை. வெங்கட் பல்லால் கடித்துப் பார்த்து மணியை விழுங்கப் பார்த்தான். "டேய், ஜிலேபி இல்லடா அது" என்று நான் சொன்னதும் வீடே சிரித்தது. என் கணக்கு தீர்ந்தது.

கடைசியில் மஞ்சுதான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று எதிரெதிராகப் போட்டு, அவற்றைச் சுற்றித் தனித் துண்டு நூலால் நாலு முடிச்சு. அந்த முடிச்சு நகரும். வளையத்தைப் பெரிதாக்கிக் கையை நுழை. பிறகு இந்த வாலை ஒரு இழு, அந்த வாலை ஒரு இழு. இறுகிவிடும். ஒரு கை போதும். நுனியில் மணி இருப்பதால் பிடிக்கவும் வாகு, உருவியும் போகாது. உன் ஒரு வரியிலிருந்து வந்த யோசனை இது. ஓடிப்போன இரண்டு பேரும் சனிக்கிழமை திரும்பி வந்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டரின் பேத்திக்கும் ஒன்று வேண்டுமாம்.

உனக்கென்று ஒன்று பின்னியிருக்கிறோம். நீல மணி, நடுவில் மரமணி. ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம், நானும் ஒரு அங்குலம். என்னுடைய அங்குலம் எது என்று நீ கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு தட்டையாக வந்திருக்கிறது. உன் மணிக்கட்டு அளவு என்ன என்று மஞ்சு கேட்டாள். நாற்பத்தொரு வருடத்தில் அளந்ததில்லை. இப்போது இளைத்திருக்குமோ வீங்கியிருக்குமோ அதுவும் தெரியாது. "பரவால்ல சார், இது எந்தக் கைக்கும் சரியா ஆவும்" என்றாள்.

ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அதில்தான் நேற்று சண்டை. ஒரு விரல் நீளம் என்று எழுதினாய், யார் விரல் என்று எழுதவில்லை. வெங்கட் தன் சுண்டுவிரலை நீட்டுகிறான். அலர்மேல்மங்கை சார் விரல்தான் பெரிசு என்கிறாள். மஞ்சு எல்லோரையும் அதட்டி, "அத்தை சொன்னா அத்தை வெரல்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வால்கள் இரண்டும் முழ நீளத்துக்கு அப்படியே தொங்குகின்றன. கத்தரிக்கோலை நான் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நெசவு வீட்டுக் கைகளை நம்ப முடியாது.

மாப்பிள்ளை சுரேஷ்பாபுவுக்கு அடுத்த ஞாயிறு விடுமுறை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வடமாலபேட்டை, புத்தூர் வழியாக உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒன்றரை மணி நேரம். பேச வேண்டியதில்லை. பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள், அவர்கள் வாய் ஓயாது. நூலை முடிய வேண்டியதில்லை, முடிச்செல்லாம் போட்டாகிவிட்டது. வலது கையை மேசை மேல் கொண்டுவந்து வை. அளக்கிற விரல் வேலை செய்ய வேண்டியதில்லை தேவசேனா, பக்கத்தில் இருந்தால் போதும்.

பெட்டி அதன் இடத்திலேயே இருக்கிறது. நன்றாக இரு. வந்துவிடு.

உன்,
வேதாச்சலம்