மைதானத்தில் வடாம் துணிகள்

அம்மாவுக்கு மாளவிகாவின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? ஹாம்பர்க்கில் குளிர் விட்டுவிட்டது, நான் சௌக்கியம்.

நிலநடுக்கத்தில் இடிந்த ஒரு மலையூருக்கு உதவி கொண்டுபோகிறவர்களுக்காக, விண்ணிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து இணையத்தில் வரைபடம் போடுகிறோம். திரையில் அந்த ஊருக்கு மேலே மேகம் போல மிதந்துகொண்டே வீடுகளைக் குறித்தேன். ஒரு மைதானம் முழுக்க வெள்ளைச் சதுரங்கள். வடாம் துணி என்று விட்டுவிட்டேன்.

என் வேலையைச் சரிபார்க்கும் பாலவாக்கத்துச் செம்பியனிடம் அதைச் சொன்னேன்.

"வடாம் இல்லீங்க, கூடாரம். உள்ள ஜனங்க கீறாங்க. நீங்க போடலன்னா தண்ணி லாரி எப்டி போவும்?" என்றார்.

ஒன்று விடாமல் குறித்தேன். அப்புறம் அப்படியே மயிலாப்பூருக்கு மிதந்து வந்தேன். நம் மொட்டைமாடி காலியாக இருந்தது.

ரயிலுக்கு நேரமாகிறது. அப்பாவின் பழைய வேஷ்டியில் இந்த வருஷமும் வடாம் போடு. காக்கா விரட்ட ஆளில்லை என்று நிறுத்திவிடாதே. மேலேயிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாளவிகா