பச்சை மரவள்ளி இலை

செவ்வாய்க்கிழமை, பெம்பான்.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவின் ஆடு இன்று செத்துப்போனது. அதற்கு நான்தான் காரணம்.

எங்கேயோ நடக்கிற போரால் இங்கே தீவனம் விலை ஏறிக்கிடக்கிறது. அக்கா வீட்டுக்காரருக்கும் பேக்டரியில் வேலை போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவந்தது அவர்களிடமிருந்த இரண்டு ஆடுகள்தான். "எதுக்குக்கா தீவனம் வாங்குறீங்க? எங்க வேலியோரம் மரவள்ளி நிறைய நிக்குது, இலைய ஒடிச்சுப் போடுங்கலா" என்று நேற்று சொன்னேன். என் ஆடுகளுக்கு நான் அதை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் போடுவேன். வெறும் வயிற்றில் பச்சையாகத் தின்றால் விஷம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

காலையில் ஆடு வாயில் நுரையோடு கிடந்தது. "பாம்பு கடிச்சிருக்கும்மா" என்று அக்கா அழுதார். "இருக்கும்க்கா" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனேன். அக்கா வேலியோரம் நின்று மறுபடியும் இலை ஒடித்துக்கொண்டிருந்தார், மிச்சமிருக்கிற ஆட்டுக்கு. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அக்கா, வேணாம்! அதைத் தின்னுதான் செத்துச்சு."

என்னையே பார்த்தார். "காலையிலயே தெரியுமா உனக்கு?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. இலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்னிடமிருந்த காய்ந்த இலையை ஒரு சாக்கில் அள்ளி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். இப்போதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். சாக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது.