வடக்கு நோக்கி நிற்கும் தகடு

அவையோரே! கதிரொளி விளக்கு வந்த பின்னும் இக்குடியிருப்பு இருளில் கிடக்கிறது. அதற்குக் காரணமானவன் உங்கள் முன் நிற்கிறான். இனி நான் படிக்கும் மடல், இறந்து, இங்கே மாலையிட்ட படமாகிவிட்ட என் நண்பருக்கு.

நண்பரே, உங்கள் துணைவியார் சற்றுமுன் உங்கள் ஸ்பேனரை என் கையில் தந்தார். பிடியில் இன்னும் எண்ணெய் மணம். அருள்புரத்துப் பனியன் நிறுவனத்தில் மின்பணி முடித்த கையோடு, மின்கம்பி எட்டாத இந்தப் பதினோரு வீடுகளுக்கு மிதிவண்டியில் வருவீர்கள். வீட்டுக்கொரு சி.எஃப்.எல். விளக்கு, அனைத்துக்கும் சேர்த்து ஒரு கூரைமேல் வெயிலை மின்சாரமாக்கும் ஒரு வரிசைத் தகடு என்று பொருத்தினீர்கள். அதைத் தெற்கு நோக்கிச் சாய்த்திருந்தீர்கள்.

திறப்புவிழாவுக்கு முந்தைய நாள், விழாவில் பேச இருந்த நான் வந்தேன். குடியிருப்புக்கு வடக்கே உள்ள சாலையிலிருந்து பார்த்தால் தகடு தெரியவில்லை என்றேன். பெயர்ப்பலகைபோல் நிமிர்த்தி, சாலையைப் பார்க்க வைக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, பேனலு ரோட்டப் பாத்தா ஊட்டுக்குள்ள லைட்டு எரியாதுங்க. அது வெயிலப் பாக்கோணும்."

மக்கள் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். ஏணியில் ஏறித் தகட்டை நிமிர்த்தினீர்கள். மறுநாள் அந்தத் தகட்டைச் சுட்டியே முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

கார்த்திகையில் விளக்குகள் ஏற்றிய சிறிது நேரத்தில் அணைந்தன. வீட்டிலிருந்து பனியனுக்குப் பிசிர் வெட்டும் பெண்கள் மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பினர். வெள்ளைத் துணியில் கரி படிந்தது. நிறுவனத்தார் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினர். அந்தப் பெண்களுள் ஒருவர் தேநீர்க்கடையில் உங்களை மறித்து, "சூரியனுக்கே ஒயரு இழுத்தவரு நீங்கதானுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தனர். நீங்கள் அருகில் நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

"பொருத்தியதில் பிழை" என்றேன் நான்.

நீங்கள் கடைக்கு வெளியே வந்து, தகட்டைத் திருப்பிவிடட்டுமா என்று மட்டும் கேட்டீர்கள். விளக்குத் திட்டத்தின் முதல் ஆண்டுவிழா முடியட்டும் என்றேன். அதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

"பொருத்தியதில் பிழை" என்ற அந்த இரண்டு சொற்களோடுதான் அன்று முதல் மேடையேறுகிறேன். எவரேனும் கைதட்டினால் உங்கள் பார்வை நினைவுக்கு வருகிறது, தலை தாழ்கிறது.

அவையோரே, பொருத்தியவர் பிழை செய்யவில்லை. பிழை செய்தவன் நான். அதை அவர்மேல் சுமத்தியவனும் நான். கூரையில் ஏணி சாத்தியிருக்கிறது, ஸ்பேனர் என் கையில் இருக்கிறது. கைதட்ட வேண்டாம். இருவர் வந்து ஏணியைப் பிடியுங்கள். வெயில் இறங்குமுன் தகட்டைத் தெற்கே திருப்புவோம்.