ஓட்டைப் பாறையின் வெள்ளைக் கோடு

அக்கா,

இன்று கார்மெண்ட்ஸில் நம் தையல் லைனுக்குக் கட்டம் போட்ட சட்டைத் துணி வந்தது. கட்டைப் பிரித்ததும் அதே புதுத்துணி வாசனை. பாக்கெட்டை முன்பக்கத்தின் மேல் வைத்துக் கோட்டோடு கோடு சேருகிறதா என்று பார்த்தேன். உங்கள் ஊர்க் கடல் ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சலில் நீங்கள் போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது.

பொம்மனஹள்ளியில் ஏது கடல்? பத்தாவதோடு படிப்பை விட்டு உங்கள் பக்கத்து மெஷினில் வந்து உட்கார்ந்த நான், அதை முதலில் பார்த்தது டீ நேரத்தில்தான். எதிர் மெஷின் மஞ்சுவின் தில்பசந்த் துண்டை, அந்தத் தேங்காய் வைத்த பன்னை, எடுத்து இரண்டு பக்கமும் விரலால் குடைந்து தேங்காயைத் தின்பீர்கள். இரண்டு குழியும் நடுவில் சேர்ந்ததும் மேல்தோல் மட்டும் பாலம்போல் நிற்கும்.

“எங்க ஊரு ஓட்டப் பாறையும் இப்பிடித்தான் மக்களே. கடலு மேலருந்து திங்காது, அடியிலதான் கடிக்கும். ரெண்டு பக்கமும் கடிச்சுக் கடிச்சு, இப்போ ஓட்டைக்குள்ள வள்ளமே போவும், கேட்டியா?”

“அது சரிக்கா, என் துண்ட ஏன் கடல் தின்னுது?” என்று மஞ்சு கத்துவாள்.

“கடலுக்கு யாரு துண்டுன்னு தெரியுமா?”

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அப்போதெல்லாம் என் குரல் எப்படி இருக்கும் என்று லைனில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நீங்கள் பேசிப் பேசியே எங்கள் எல்லாரையும் ஒரு லீவில் கன்னியாகுமரிப் பக்கம் பஸ் ஏற்றிவிட்டீர்கள். கல்யாணமாகி வந்த பிறகு நீங்களே அப்போதுதான் போகிறீர்கள். உச்சி வெயிலில் கரையில் ஓர் ஆள் இல்லை. ஓட்டையும் இல்லை. வெட்டிவிட்டதுபோல் நின்ற குன்றும், கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் தனியாக ஒரு பாறையும், அவ்வளவுதான்.

“ஓட்டை எங்கக்கா? எல்லாம் சுள்ளு!” என்றாள் மஞ்சு. பொய் என்று சொல்ல அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

“இதுக்காடி இவ்ளோ தூரம் வந்தோம்?” என்று பின்னால் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். லைன் முழுக்கக் கேட்கும்படி பேசுகிற நீங்கள், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குன்றைப் பார்த்தேன். கறுப்புப் பாறையில் ஒரு வெள்ளைக் கல் கோடு சாய்வாக ஓடி, விளிம்பில் அறுந்துபோயிருந்தது. தனிப் பாறையிலும் ஒரு வெள்ளைக் கோடு. அதே அகலம், அதே சாய்வு. இரண்டுக்கும் நடுவில், அலை விலகும்போதெல்லாம், உடைந்து கிடந்த கற்கள் தெரிந்தன.

“அக்கா சொன்னது நெசம்” என்றேன். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் எப்படித்தான் கத்தினேனோ.

“மஞ்சு, அங்க பாருடி! பாக்கெட்டு மேட்ச் ஆவுது!”

எல்லாரும் திரும்பினார்கள். பாறையை அல்ல, என்னைத்தான் பார்த்தார்கள். மஞ்சு மட்டும் ஒரு கண்ணை மூடி, சட்டையைச் சரிபார்ப்பதுபோல் கோட்டைப் பிடித்தாள்.

“அய்யோ, கரெக்டா சேருது! தில்பசந்த் மேல்தோல் விழுந்துடுச்சுக்கா!”

நீங்கள் தலையை நிமிர்த்திக் கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தீர்கள். “பாத்தியளா? நான் இல்லாத நேரம் பாத்துத் தின்னுருக்கு!” சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். “தண்ணில தனியா நிக்குற அந்தத் தூணும் ஒரு நாள் விழும் மக்களே. அதுக்குள்ள நீ பாத்துட்டேல்லா, அது போதும்.”

அன்றிலிருந்து கோடு சேராவிட்டால் சூப்பர்வைசரிடமே நான்தான் சொல்கிறேன். முதல் தடவை மட்டும் குரல் நடுங்கியது.

பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஏன் சிரிக்கிறேன் என்று இன்று உங்கள் மெஷினில் இருக்கிற புதுப்பெண் கேட்டாள். டீ நேரத்தில் தில்பசந்தைக் குடைந்து காட்டினேன்.

“அக்கா, அது என் துண்டு!” என்றாள்.

“கடலுக்கு யாரு துண்டுன்னு தெரியுமா?” என்றேன். கடைசி மெஷின்வரை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.