மாமா இருந்தார்

நம் நாடகக் குழுவின் தகரப் பெட்டியை இன்று காலை திறந்தேன். உன் நீலக் கட்டம் போட்ட லுங்கி மேலேயே கிடந்தது. எடுத்தால் மறுபடியும் ஏரிச் சேற்று வாடை. நானே சோப்புப் போட்டுக் கசக்கி, மொட்டை மாடியில் மொடமொடவென்று காயவைத்து மடித்து வைத்த லுங்கி அது. ஒருநாளும் அது ஏரியைப் பார்த்ததில்லை. அடியில் கிடந்த ராஜா உடுப்பிலோ கிளி மூக்கிலோ காகிதக் கிரீடத்திலோ அந்த வாடை இல்லை. உன்னுடையதில் மட்டும்தான். செத்த பிறகும் எனக்கு வேலை வைப்பதில் உனக்கு என்னய்யா அத்தனை சந்தோஷம்?

உன்னை முதலில் பார்த்ததும் ஒரு சண்டையில்தான். ஆரம்பாக்கத்தில் ஏறி கும்மிடிப்பூண்டிக்கு ஷிப்டுக்குப் போகும் ரயிலில், எதிர் சீட்டில் காலை நீட்டியிருந்த ஒருவனை நான் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். நீ எழுந்து வந்தாய். இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிற ஆள் என்று சட்டையே சொன்னது. "இன்னா மேடம், உங்களுக்கு நல்லா கோவம் வர்து. எங்க நாடகத்துல ராணி வேஷம் காலியா கீது, வரீங்களா?" கம்பெனியில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படித்தான் ராணி ஆனேன். கடைசிவரை நீ என்னை மேடம் என்றே கூப்பிட்டாய். நான் உன்னை யோவ் என்று கூப்பிட்டேன்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதும் கதைகளை அவர்கள் பள்ளிக்கே போய் நடித்துக் காட்டும் குழு நம்முடையது. "புள்ள எழுதினதுதான் சட்டம்" என்பாய். ஒரு எழுத்தை மாற்ற விடமாட்டாய், எழுத்துப் பிழையைக்கூட. ஒரு பையன் புலி என்று எழுதுவதற்குப் பதிலாக, 'காட்டிலிருந்து ஒரு புளி வந்தது, எல்லோரும் ஓடினார்கள்' என்று எழுதிவிட்டான். நீ பழுப்புச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, கொட்டை எடுக்காத புளியாக உருண்டு வந்தாய். ராணியான நான் தலைதெறிக்க ஓடினேன். பிள்ளைகள் மண்ணில் விழுந்து சிரித்தார்கள். அந்தப் பையன் ஜென்மத்துக்கும் அந்த எழுத்தை மறக்கமாட்டான்.

இன்னொரு வழக்கத்தையும் நீதான் கொண்டுவந்தாய். நாடகம் முடிந்தாலும் நாம் வேஷத்திலிருந்து வெளியே வரக்கூடாது. கதை எழுதிய பிள்ளை வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "கதை முடிஞ்சிச்சு, ஊட்டுக்குப் போ" என்று சொல்ல வேண்டும். அதுவரை அசையக்கூடாது. பெரியவர்களைப் பார்த்து 'போ' என்று சொல்வதில் பிள்ளைகளுக்கு அவ்வளவு குஷி. உனக்கு அது விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "அவங்க கூப்ட்டுதான வந்தோம், அவங்களே அனுப்பணும் மேடம்" என்பாய்.

பிறகு கீர்த்தனாவின் கதை வந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண். மொத்தமே ஆறு வரி.

'மாமா ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். சேற்றில் கால் மாட்டிக்கொண்டது. யாரும் வரவில்லை. மாமா இருந்தார். எல்லோரும் அழுதார்கள். பிறகு மழை வந்தது.'

'இறந்தார்' என்று இருக்க வேண்டும் என்று டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நீ தடுத்தாய். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னா கண்ணு, மாமா செத்துட்டாருன்னு எழுத வந்தியா?" என்று கேட்டாய். அவள் உன்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்ல. இருந்தாரு" என்றாள். அவ்வளவுதான். நீ எழுந்து வந்து, "சட்டம் சட்டம்தான்" என்றாய்.

ஒத்திகையில் நாம் எல்லோரும் சிரித்தோம். டோலக் அடிக்கும் ஏழுமலைக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பள்ளி மைதானத்தில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நடித்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "மாமா இருந்தார்" என்று ஏழுமலை குரல் கொடுத்தான். நாங்கள் வெறும் தரையைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதோம். நீ அந்த நீல லுங்கியோடு எங்கள் பின்னால் நின்று, ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாய். என் முகத்துக்கு நேராக உன் முகம் வந்தபோது எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. முன்வரிசையில் ஒரு பொடிசு சத்தமாகக் கேட்டது: "அவரு இங்கதான கீறாரு, அப்புறம் ஏன் அழுவுறாங்கோ?"

கடைசி வரிக்கு, பிள்ளைகள் எல்லோரும் உள்ளங்கையில் விரலால் தட்டி மழைச் சத்தம் எழுப்பினார்கள். அந்த மழை பெய்யும்போதே கீர்த்தனாவின் அம்மா உள்ளே வந்து அவள் கையைப் பிடித்தாள். அப்பாவுக்கு அத்திப்பட்டில் வேலை, குடும்பத்தோடு போகிறார்கள், சாமான் ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது. அவள் உன்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். 'ஊட்டுக்குப் போ' என்று சொல்ல ஆளில்லை. டீச்சரே வந்து சொன்னார். நாங்கள் கையைக் காலை உதறிக்கொண்டு எழுந்தோம், நீ அசையவில்லை.

"யோவ், வாய்யா, வண்டிக்கு நேரமாவுது."

"அவ இன்னும் என்னிய அனுப்பலியே மேடம். மழ வந்துச்சுன்னுதான எழுதிகீறா? நின்னுச்சுன்னு எழுதலியே."

இழுத்துக்கொண்டுதான் வந்தேன். ரயிலில் ஏறியும் நீ வேஷத்திலிருந்து வெளியே வரவில்லை. எதிரில் இருந்தவர்களின் முகங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். விளையாட்டு போதும் என்று கையில் ஒரு அடி வைத்தேன். கை சில்லென்றிருந்தது.

அதற்கப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆரம்பாக்கம் பிளாட்பாரத்தில், நாம் எப்போதும் உட்காரும் அதே சிமென்ட் பெஞ்சில், காலை ஷிப்டுக்குப் போக உட்கார்ந்தவன் நீ. அன்றைக்கு நான் லீவு. பூக்காரம்மாதான் பிறகு என்னிடம் சொன்னாள். "வண்டி வர்து, போவுது, அவரு ஏறவே இல்லம்மா. நானும் அப்பப்ப திரும்பிப் பாத்துகினுதான் கீறேன். இருந்தாரு. அப்புறமும் பாத்தேன், இருந்தாரு. யாரோ தோளத் தொட்டப்புறம்தான்..." மாரடைப்பு என்றார்கள். எந்த வண்டி போனபோது நீ போனாய் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. டீச்சர் சிவப்புப் பேனாவால் மாற்ற வந்த அந்த ஒரு சொல் எந்த நிமிஷத்தில் மாறியது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. அழும்போது நிமிர்ந்து பார்க்கத்தான் பயமாக இருந்தது. நீ பின்னால் நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறாய் என்றே பட்டது.

உன் வேஷங்களைப் பங்கு போட்டுக்கொண்டு நாடகங்களைத் தொடர்ந்தோம். ஒத்திகையில் இடப்பக்கம் நீ நிற்கும் இடத்தை யாரும் மிதிப்பதில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை, தானாகச் சுற்றிக்கொண்டு போகிறோம். லுங்கியில் வாடை வர ஆரம்பித்ததும் ஏழுமலைதான் வாயைத் திறந்தான். "அக்கா, அவர யாரும் அனுப்பி உடலியே. அந்தப் பொண்ணு சொல்லாம எப்பிடிப் போவாரு?"

"பேஜாரு பண்ணாதடா. எரிச்சிட்டு வந்தாச்சு, இன்னும் இன்னா அனுப்பறது?" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் அன்றைக்கே அந்தப் பெண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டேன். நீ எங்கும் போகாமல் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாயோ என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. உன்னை ஊட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பல மாதம் பள்ளி பள்ளியாக விசாரித்த பிறகு, போன வாரம் அத்திப்பட்டில், அவள் படிக்கும் பள்ளியில், அதே கதையை நடித்தோம். மாமா வேஷம் போட யாரும் முன்வரவில்லை. உன் இடத்தைக் காலியாகவே விட்டோம். நீ செத்துப்போனதை ஏழுமலை முன்னாடியே அவளிடம் சொல்லி, "கடைசியா அந்த எடத்துக்கும் சொல்லிடு கண்ணு" என்று கெஞ்சியிருந்தான். அவள் தலையாட்டினாளாம்.

கீர்த்தனா வளர்ந்திருந்தாள். மழைச் சத்தம் ஓய்ந்ததும் வந்தாள். ஏழுமலைக்குச் சொன்னாள். எனக்கும் சொன்னாள்: "கதை முடிஞ்சிச்சு, ஊட்டுக்குப் போ." பிறகு உன் இடத்துக்கு எதிரில் போய் நின்றாள். அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் சொன்னால் நீ போய்விடுவாய். அதற்காகத்தானே தேடி அலைந்தேன்? ஆனால் சொல்லாதே, சொல்லாதே என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அவள் தலையைத் தூக்கினாள். சரியாக உன் முகம் இருக்கும் உயரத்துக்குப் பார்த்தாள்.

"மழ இன்னும் நிக்கல," என்றாள். "இரு."

வெளியே சுள்ளென்று வெயில். நீ என்னிடம் சொன்ன அந்தப் பேச்சு அவளுக்குத் தெரிய வழியே இல்லை. ஏழுமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துக்கு மேலே ஒரு நிம்மதி வந்தது பார், அதை அவனிடம்கூட நான் சொல்லவில்லை.

லுங்கியை இனித் துவைக்கப் போவதில்லை. அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். நேற்று காலை ஷிப்டுக்குப் போக, நம் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். நல்ல கூட்டம். ஒரு அம்மா பையோடு வந்து, என் பக்கத்திலிருந்த காலி இடத்தைக் காட்டி, உட்காரலாமா என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஆள் இருக்குங்க."