பிள்ளைகள் மரமாக நின்ற காலை

வீட்டுக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் ஓர் ஆமணக்குச் செடி முளைத்திருக்கிறது. பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்பக்கம் நாலு வாழைக்கன்றும் பழைய டயர்களும்தான் கிடக்கும். இது எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. காலையில் என் மகன் அதைப் பிடுங்கிப் போடக் குனிந்தபோது ஓர் இலையைக் கேட்டு வாங்கிக் கசக்கி மோந்து பார்த்தேன். அந்தப் பச்சை நெடி நேரே தலைக்கு ஏறியது. அதற்கப்புறம் வீட்டுக்குள் ஒரு வேலையும் ஓடவில்லை. நீ போய் இரண்டு தீபாவளி கழிந்துவிட்டது. ஆனாலும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது, எழுதுகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்போது தோட்டத்து ஜனங்கள் எல்லாம் வாய் திறக்காமல் அடங்கிக் கிடந்தார்கள், பாவம் என்றார் ஒருவர். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அடங்காத ஒருத்தியோடு ஒரே கொட்டகையில் வேலை செய்தவள் நான்.

பாலிங்கைத் தாண்டி, சயாம் எல்லைக்குக் கிட்டத்தில் இருந்த நம் ரப்பர் தோட்டம் உனக்கு மறந்திருக்காது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிப்போனான். கணக்கு எழுதும் கிராணி மட்டும் அதே ஆபீசில் அதே நாற்காலியில் இருந்தார். ஆனால் துரைக்குப் போட்ட கும்பிட்டையும் சேர்த்து அவருக்கே போட வேண்டியதாயிற்று. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். உன் புருஷனை லோரியில் ஏற்றியபோது, மழை விடுவதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். ஆண்கள் குறைந்ததும் பால் வெட்டுவதும் மரவள்ளி நடுவதும் பெண்கள் தலையில் விழுந்தன. அவர்களுடைய சின்னப் பிள்ளைகளை விட்டுப்போக இருந்த ஒரே இடம் ஆயாக்கொட்டகை.

பழைய ஆயா குளிர்காய்ச்சலில் செத்துப்போனாள். நீயும் காய்ச்சலில் விழுந்து எழுந்தவள், மலைச்சரிவு ஏற முடியாது என்று உன்னைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்தவள் என்று என்னைத் துணைக்குப் போட்டார்கள். கிராணி சொன்ன வேலை ஒன்றுதான். பிள்ளைகள் அழுகிற சத்தம் வெட்டுக்காட்டுக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் தாய்மார் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்து விடுவார்கள்.

நாம் போன முதல் நாள், நடக்கப் பழகிய பிள்ளைகளை இடுப்பில் துணியால் கட்டித் தூணோடு பிணைத்திருந்தார்கள். பழைய ஆயாவின் ஏற்பாடு அது. அவளைக் குறை சொல்ல முடியாது, அவள் ஒருத்தி, பிள்ளைகள் அத்தனை. நீ ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாய். ஓடிப்போய் ஓடையில் விழுந்து தொலைக்குமே என்று நான் பதறினேன்.

"ஓடட்டும். நாம பின்னாலயே ஓடுவோம். காலு எதுக்கு இருக்கு?" என்றாய்.

அன்றிலிருந்து நாம் ஓடினோம். உனக்கு எழுத்துத் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். ஈர மண்ணில் ஒரு 'அ'வை முற்றம் அளவுக்குப் பெரிதாகக் கீறச் சொன்னாய். பிள்ளைகளை வரிசையாக விட்டு அதன்மேல் நடக்க வைத்தாய். சுழியில் சுற்றி, வளைவில் திரும்பி, கடைசிக் கோட்டில் இறங்கி வரும்போது எல்லாரும் கூவுவார்கள். நீயும் வரிசையின் கடைசி ஆளாக நடந்தாய். அப்படி நடந்து நடந்துதான் உன் பெயரின் எழுத்துகளை நீயே கற்றுக்கொண்டாய். கதை சொன்னால் முடிவைச் சொல்ல மாட்டாய். ஆனை ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது, அக்கரையில் கரும்பு இருக்கிறது, ஆனைக்கு நீந்தத் தெரியாது, இனி என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடிக்க உட்கார்ந்துவிடுவாய். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு ஆனையை அக்கரை சேர்ப்பார்கள்.

மர விளையாட்டும் நீ கொண்டுவந்ததுதான். கையை ஒரு தட்டுத் தட்டினால் எல்லாப் பிள்ளைகளும் மரம். கைகளை மேலே தூக்கி, விரல்களை இலையாக விரித்து, அசையாமல் நிற்க வேண்டும். இன்னொரு தட்டுத் தட்டினால்தான் மறுபடியும் பிள்ளைகள். நடுவில் நீ காற்றாக வந்து ஊதுவாய், குருவியாக வந்து தலையில் கொத்துவாய். சிரித்தால் அந்த மரம் விறகு.

ஜப்பான் அதிகாரி வருகிற நாட்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சின்னப் பிள்ளைகளும் குனிந்து வணங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நீ பிள்ளைகளிடம், தரையில் எறும்பு போகிறதா என்று நன்றாகக் குனிந்து பாருங்கள் என்று சொல்லி வைத்தாய். அவர்கள் எறும்பைத்தான் பார்த்தார்கள். அதிகாரிக்கு வணக்கம் போய்ச் சேர்ந்ததாக அவர் நினைத்துக்கொண்டார்.

ஆடவிட்டால் பசி தெரியாது, அதனால்தான் ஆடவிடுகிறாய் என்று நான் ஒருநாள் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டாய். "பசி தெரியாம இருக்குமா? நல்லாத் தெரியும். பசி ஒண்ணுதான் தெரியும்னு ஆயிடக் கூடாது, அதுக்குத்தான்" என்றாய். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசக் கேட்டுவிட்டேன். இதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு ஆமணக்கு வந்தது. ஜப்பான்காரனுடைய ஆகாயக்கப்பலுக்கு அந்த எண்ணெய் வேண்டுமாம். ஓடையை ஒட்டி மரங்களை வெட்டிவிட்டு ஆமணக்குப் போட்டார்கள். காய் முற்றியதும் கிராணி கொட்டகைக்கு வந்தார். ஐந்து வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லாம் நாளையிலிருந்து காய் பறிக்க வர வேண்டும், வரும் பிள்ளைக்கு ஒரு பிடி அரிசி உண்டு, அனுப்பாத தாய்க்கு அவள் பங்கும் கிடையாது என்றார்.

நீ பணிவாகத்தான் தொடங்கினாய். அந்தக் கொட்டை விஷம், பசித்த பிள்ளைகள் கையில் அகப்பட்டதை வாயில்தான் போடும் என்றாய். பார்த்துக்கொள்ளத்தானே உங்களை வைத்திருக்கிறது என்றார் அவர். கொட்டகைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நட்டிருந்த மரவள்ளிப் பாத்தியைப் பிரம்பால் காட்டி, இங்கே மண்ணைக் கொத்துகிறவர்கள் அங்கே வந்து கொத்தினால் என்ன என்று கேட்டார்.

"இது வெளையாட்டுங்க ஐயா. பிடிக்கலன்னா பிள்ளைங்க போட்டுட்டு ஓடிடும். நீங்க கூப்புடுற எடத்துல அப்படிப் போட்டுட்டு வர முடியுமா? முடியும்னு சொல்லுங்க, நானே கூட்டிட்டு வரேன்."

அவர் அறைந்த அறையில் நீ தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். நான் தூக்க வந்தேன். தூளியில் அழுகிற பிள்ளையைக் காட்டி, முதலில் அதை எடு என்று கையசைத்தாய். உன் இடது காதிலிருந்து ஒரு கோடு ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அந்தக் காது அதன் பிறகு கேட்கவே இல்லை.

மறுநாள் விடியலில் உன்னை வெட்டுக்காட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை ஆமணக்குக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் வேலை எனக்கு வந்தது. பனி சொட்டிக்கொண்டிருந்தது. செடிகள் பிள்ளைகளைவிட உயரம். காய்ந்த காய்கள் வெடித்துத் தரையெல்லாம் கொட்டை சிதறிக் கிடந்தது. புள்ளி போட்டு, பளபளவென்று, எடுத்து வாயில் போடு என்று சொல்வது போலவே இருக்கும் அது. கிராணி மேட்டில் நிழல் பார்த்து நின்றிருந்தார்.

பாக்கியத்தின் மகள் சரசு என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு ஆறு வயசிருக்கும். அவள் ஒரு கன்னம் உப்பியிருந்தது. தாடையைப் பிடித்து விரலை விட்டுத் தோண்டினேன். இரண்டு கொட்டைகள். நல்லவேளை, பல் படவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளின் கையும் மூடியிருந்தது. எந்த வாயில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கத்தினால் பயத்தில் விழுங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றது மென்றுவிடும்.

நான் கையைத் தட்டினேன்.

அவ்வளவு பிள்ளைகளும் அந்த நொடியில் மரமானார்கள். கைகள் மேலே போயின, விரல்கள் விரிந்தன, பிடித்திருந்த கொட்டைகள் எல்லாம் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன. நான் ஒவ்வொருவரிடமும் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மரத்துக்கு ஏது வாய் என்று ஒரு பயல் உதட்டை அசைக்காமல் என்னிடமே கேட்டான். அவன் வாயிலும் ஒன்று இருந்தது.

கிராணி இறங்கி வந்தார். என்ன கூத்து இது, வேலையைப் பார்க்கச் சொல் என்றார். இன்னொரு தட்டு, அவ்வளவுதான், எல்லாரும் மறுபடி கொட்டை பொறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். என் கைகள் நடுங்கின. அந்த நடுக்கத்தில் அவை ஒன்றோடொன்று பட்டுவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதனால் இரண்டையும் மேலே தூக்கினேன். நானும் மரமானேன்.

அவர் பிரம்பால் என் முழங்கையில் அடித்தார். மறுபடியும் அடித்தார். பக்கத்தில் நின்ற பிள்ளையைத் தள்ளினார், அது விழுந்து எழுந்து திரும்பவும் கையைத் தூக்கிக்கொண்டது. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகிற பிள்ளையை அடக்கலாம், ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கலாம். நிற்கிற பிள்ளையை என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் மண் ரோட்டில் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து எங்களைப் பார்த்துவிட்டுக் கிராணியிடம் ஏதோ கேட்டார். காட்டில் பிள்ளைகள் வேலை நிறுத்தம் செய்கிறார்கள் என்று சொன்னால் முதலில் உதை வாங்குவது கிராணிதான். அவருக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தைகள் கொஞ்சம். அதில் ஒன்றைச் சொன்னார், "தைசோ, தைசோ" என்று. உடற்பயிற்சிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது.

அதிகாரி எங்களுக்கு நடுவில் நடந்தார். சரசுவின் விரலை நிமிர்த்திவிட்டார். தானும் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பெரட்டுக் களம் இருக்கும் பக்கமாகக் கையைக் காட்டி நிறையப் பேசினார், கிராணி குனிந்து குனிந்து 'ஹாய், ஹாய்' என்று ஆமாம் போட்டார். இனி தான் வரும் நாளெல்லாம் களத்தில் இந்தப் பயிற்சியைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளை நன்றாகப் பழக்கி வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

கார் கிளம்பிப் போனது. நான் கையை இறக்கவில்லை. கிராணி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கொட்டகைக்கே கூட்டிக்கொண்டு போய்த் தொலை என்று அவர் சொன்ன பிறகுதான் இரண்டாவது தட்டைத் தட்டினேன். பிள்ளைகள் ஒருவரும் அதன் பிறகு அந்தக் காட்டுக்குப் போகவில்லை. தன் பொய்யைத் தானே காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவருக்கு.

சாயங்காலம் நீ பால் நாற்றத்தோடு கொட்டகைக்கு வந்தாய். காட்டில் எல்லாருக்கும் சேதி தெரிந்திருந்தது. என் முழங்கையைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்றாய். வலிக்கிறது என்றேன்.

"மரம்னா அப்படித்தான். நாம தெனம் போய் வெட்டலியா?" என்று சொல்லிவிட்டு நீ சிரித்த சிரிப்பு!

எல்லாருக்கும் அது சிரிப்பாக இருக்கவில்லை. பாக்கியம் ஆத்திரத்தோடு வந்தாள். ஒரு பிடி அரிசி போயிற்றே, உங்கள் விளையாட்டை உலையில் போட முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நான் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த சரசுவின் இரண்டு கொட்டைகளையும் நீ வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்து, எங்கிருந்து எடுத்தது என்று சொன்னாய். "சோறு போச்சு பாக்கியம். பிள்ளை இருக்கு" என்றாய். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சரசுவை மடியில் இழுத்துக்கொண்டாள். மறுநாள் முதல் மரவள்ளிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற அவளும் வந்தாள்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பியவர்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாய். ஒருவருக்கும் உன் புருஷனைப் பற்றித் தெரியவில்லை. நீ பொட்டை அழிக்கவும் இல்லை, காத்திருப்பதாகச் சொல்லவும் இல்லை. வெட்டுக்காட்டிலிருந்து நேரே கொட்டகைக்குத் திரும்பிப் போனாய். கேட்டு வாங்கிக்கொண்ட உத்தியோகம் அல்ல, நீயாகப் போய் உட்கார்ந்தாய். புதிதாக வந்த துரை, கொட்டகையில் சத்தம் அதிகம் என்று சொல்லியனுப்பினான். சத்தம் வரவில்லை என்றால்தான் வந்து பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொல்லச் சொன்னாய். நான் போய் அப்படியே சொன்னேன்.

கடைசிக் காலத்தில் நீ பண்டார் பாருவில் உன் தங்கை மகன் வீட்டுக்குப் போன பிறகும், பஸ் ஏறி வந்து உன் வலப்பக்கமாக உட்கார்ந்து நான் கத்துவேன். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் பேசுவது என் அம்மாவுக்கே காதில் விழாது. உனக்குக் கேட்க வேண்டுமே என்றுதான் குரலைத் தூக்கப் பழகினேன். உனக்காகத் தூக்கியது எனக்கே ஆகிப்போனது. கிளினிக்கில், கோயில் கூட்டத்தில், நிலப் பட்டாவுக்காக நின்ற ஆபீஸ் வாசலில், நான் ஒருமுறை சொன்னால் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

பேத்தியின் பாலர் பள்ளிக்குப் போன மாதம் போயிருந்தேன். பிள்ளை நாற்காலியில் உட்காருவதே இல்லை, எழுந்து எழுந்து ஓடுகிறாள் என்று டீச்சர் குறைப்பட்டுக்கொண்டாள். ஓடினால் கூடவே ஓடுங்கள் என்றேன். மருமகள் என் கையைக் கிள்ளி, "மெதுவா பேசுங்கலா அத்தே, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள்.

பார்க்கட்டும் என்றேன். நீ கேட்பதற்கென்று உயர்த்திய குரல் இது. கேட்க நீ இல்லை என்பதற்காக இதை நான் இறக்குவதாக இல்லை.